குடும்பங்களுக்கு உகந்த குடியிருப்பு

ஜூன் 2

அன்புள்ள டீச்சர்,

நேற்று மாலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, வாளி வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். பின்விளைவுகளை முழுதும் உணர்ந்தே செய்தேன். கடைக்காரர் மூன்று நிறங்களை எடுத்துக் காட்டி, மூடியோடு வேண்டுமா, மூடி இல்லாமலா என்றுகூடக் கேட்டுவிட்டார். "குடும்பம் வந்ததும் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாளி வாங்குகிறவன் ஓர் ஊரில் தனியாக வாழத் துணிந்துவிட்டவன். நான் துணியவில்லை. அலுவலக விடுதியின் பொது வாளியிலேயே குளிக்கிறேன். அதில் ஒருவர் ஷூ கழுவுகிறார். அதே தண்ணீரில் ஒருவர் முகமும் கழுவுகிறார். இரண்டு பேரும் ஒருவரே என்பதை இன்று காலை கண்டேன். அவர் என் மேலாளர்.

வீட்டு விஷயத்தைப் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் உன் தம்பியும் நான்காவதில் என் அம்மாவும் நுழைந்துவிடுகிறார்கள் என்பதால், இனி அதைக் கடிதத்தில் மட்டுமே பேசுவது என்ற உன் உத்தரவை ஏற்கிறேன். போனில் நம் மகள் வாலுவின் ஆடும் பல், அவளுடைய வீட்டுப்பாடம், அவ்வளவுதான்.

நிலைமையை ஒருமுறை எழுதிவிடுகிறேன். அடுத்த மாத இறுதிக்குள் நல்ல பள்ளி இருக்கிற ஒரு பகுதியில் நமக்கு முகவரி வேண்டும். கிடைத்தால் வாலுவுக்கு இங்கே இடம் கிடைக்கும், நீயும் வருவாய். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் நீங்கள் அங்கே, நான் இந்த வாளியோடு இங்கே.

முதலில் ஆற்றோரப் பகுதியைப் பார்த்தேன். 'குடும்பங்களுக்கு உகந்தது' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். தரகர் வீட்டுச் சாவியால் காது குடைந்துகொண்டே வந்தார். கதவு திறந்ததும் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "வச்சுக்குங்க சார், இனிமே இது உங்க வீடுன்னு நினைச்சுக்குங்க" என்றார். சாவி சூடாக இருந்தது.

கீழே குழந்தைகள் விளையாட மணல்தொட்டி ஒன்று. அந்தப் பகுதிப் பூனைகளெல்லாம் அதைத்தான் கழிப்பிடமாக வைத்திருக்கின்றன. தொட்டிக்குள் இரண்டு குழந்தைகள் மணலில் கேக் செய்து ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டிருந்தன. ஒரு குழந்தையின் அப்பாவிடம் சொன்னேன். "அதெல்லாம் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி சார்" என்றார். சொல்லிவிட்டுத் தன் காபியை மூடியால் மூடிக்கொண்டார்.

ஆற்றோரம் வேண்டாம்.

இப்படிக்கு,
வாளி இல்லாதவன்


ஜூன் 7

மதிப்புக்குரிய மதிப்பீட்டாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அதை வீடு பார்த்த கடிதமாக என்னால் படிக்க முடியவில்லை. சேத அறிக்கையாகத்தான் படித்தேன். எரிந்த கடையையும் நசுங்கிய லாரியையும் பார்த்துக் காப்பீட்டுப் பணம் எவ்வளவு என்று எழுதியே உங்கள் கண் அப்படி ஆகிவிட்டது. கல்யாணத்தன்று போட்டோவுக்கு நிற்கச் சொன்னபோது மேடைக்குப் பின்னால் போய் மின்சார ஒயரை இழுத்துப் பார்த்தவர் நீங்கள்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்காதீர்கள். மேல்வீட்டுக்காரர் தினமும் பால்கனியில் உட்கார்ந்து நகம் வெட்டுகிறார். எல்லாம் நம் துணிக்கொடிக்குத்தான் வருகிறது. நேற்று வாலுவின் சீருடைப் பைக்குள் ஒன்று இருந்தது, கட்டைவிரல் நகம். அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு மேலே போய், "இது உங்களுடையதா?" என்று கேட்டேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இல்ல மேடம், இது என் மாமனாரோடது" என்றார். இந்த வீட்டில் இன்னும் ஒரு வருஷம் என்னால் முடியாது. புரிகிறதா?

ஆகவே, இனி சுவரைப் பார்க்காதீர்கள். குழாயைத் திறந்து முகராதீர்கள். ஒரு பகுதி குடும்பத்துக்கு உகந்ததா என்று தெரிய ஒரே வழிதான் உண்டு. பள்ளி விட்ட பிறகு பூங்காவுக்குப் போய் நில்லுங்கள். அவசரப்படாமல் நில்லுங்கள். குழந்தைகளைப் பாருங்கள். அவர்களிடம் பேசுங்கள். பெரியவர்கள் வாடகைக்காகப் பொய் சொல்வார்கள், குழந்தைகள் சொல்ல மாட்டார்கள். பதினாறு வருஷம் வகுப்பில் நின்றவள் சொல்கிறேன்.

இன்னொன்று. நான்கு கோபுரக் குடியிருப்பு என்று ஒன்றைப் பற்றி உங்கள் காது குடையும் தரகர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். உள்ளேயே பூங்கா, வாசலிலேயே பள்ளி. குடிவர விரும்புகிறவர்களையும் அவர்களுடைய போன் குழுவில் சேர்த்துக்கொள்வார்களாம். உங்களைச் சேர்க்கப் பார்த்தாராம், "எனக்குக் குழு ஆகாது" என்று சொல்லிவிட்டீர்களாம். என்னைச் சேர்த்திருக்கிறார். அதைப் போய்ப் பாருங்கள்.

துணைத் தலைமை ஆசிரியை


ஜூன் 12

அன்புள்ள டீச்சர்,

நான்கு கோபுரத்துக்குப் போனேன். சொன்னால் நம்ப மாட்டாய், பிடித்திருக்கிறது. 'பிடித்திருக்கிறது' என்ற சொல்லை எழுதும்போதே கை கொஞ்சம் கூசுகிறது.

குறைகள் உண்டு. நுழைகிற கூடத்தில் சுவரில் ஒரு பெட்டி மல்லிகை வாசனையைத் துப்பிக்கொண்டே இருக்கிறது. பின்னாலிருந்து குப்பைக் குழாயின் நாற்றமும் வருகிறது. இரண்டும் சேர்ந்தால், மாலை போட்ட பிணம் லிஃப்டுக்குக் காத்திருப்பது போல இருக்கிறது. தீப்பிடித்த கிடங்குகளுக்குப் போட்டுப் போகிற முகக்கவசம் பையில் இருந்ததால் பிழைத்தேன். லிஃப்டில் மூன்றாம் மாடிப் பொத்தானில் யாரோ சூயிங்கம் ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் எல்லாரும் முழங்கையால் அழுத்துகிறார்கள். ஒருவரும் அதைச் சுரண்டவில்லை. முழங்கை பட்டுப் பட்டு அது வழவழப்பாகிவிட்டது.

ஆனால் பூங்கா நன்றாக இருந்தது. நீ சொன்னபடி நின்றேன். மழை தூறியதால் அலுவலகத்தின் கறுப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டேன். அது கணுக்கால்வரை வரும். தொப்பியும் உண்டு. ஒரு மரத்தை ஒட்டி நல்ல இடமாகப் பார்த்துக்கொண்டேன். மூன்று மாலைகள் போயிருக்கிறேன். சறுக்கு மரத்தின் உயரத்தை அளந்தேன், சரியாக இருக்கிறது. குழந்தைகளிடம் பேசினேன். "இங்க யாருக்கெல்லாம் அடி பட்டிருக்கு? யார் அடிக்கடி அழுவாங்க? அழுதா யாராவது வருவாங்களா?" என்று கேட்டேன். தொழில்முறைக் கேள்விகள்தான். "யாரும் வர மாட்டாங்க, அம்மால்லாம் போன் பார்ப்பாங்க" என்றான் ஒருவன். தெளிவான சாட்சி. ஒரு சிறுமி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். என்னிடமிருந்த பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிவிட்டேன். நன்றி சொல்லாமல் ஓடிவிட்டாள். நல்ல ஆரோக்கியமான குழந்தை.

மூன்றாம் மாடியில் வீடு காலி. பேசி முடிக்கட்டுமா?

மணம் பிடித்தவன்


ஜூன் 17

அன்புள்ள உங்களுக்கு,

பேசி முடிக்க வேண்டாம். பொறுங்கள். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

அந்தக் குடியிருப்பில் ஒருவன் சுற்றுகிறான். குழுவில் ஐந்து நாளாக இதே பேச்சு. ஆறடிக்கு மேல் உயரமாம். முரட்டு உடம்பு. தலைமுதல் கால்வரை கறுப்பு அங்கி, முகத்தை மூடியிருக்கிறான். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று குழந்தைகளைப் பார்க்கிறானாம். கையில் இரும்புச் சங்கிலி, அதை இழுத்து இழுத்து விடுகிறானாம். எந்தக் குழந்தை அழும், அழுதால் பெரியவர்கள் வருவார்களா என்று விசாரிக்கிறானாம். ஒரு பெண் குழந்தையைப் பிடித்துக் காலில் ஏதோ மருந்து தடவிய துணியை ஒட்டியிருக்கிறான். அவள் அன்று இரவு சாப்பிடவில்லையாம்.

உங்களைப் போல ஐந்தடி நாலங்குல மனிதர் அவன் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீங்களும் அங்கே நின்றிருக்கிறீர்கள்! நல்ல வேளை, அவன் உங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீங்கள் போய் அவனிடமும் தொழில்முறைக் கேள்வி கேட்டிருப்பீர்கள்.

ஐந்தாம் மாடியிலிருந்து யாரோ எடுத்த படம் ஒன்று வந்தது. மங்கலாக, மேலிருந்து, ஒரு கறுப்புக் கூம்பு போல. பார்த்ததும் உடம்பெல்லாம் ஏதோ ஊர்வது போல இருந்தது. போனைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் மறுபடி தொட்டேன்.

அவர்கள் குழுவில் 'ஐயோ', 'கடவுளே', கும்பிடும் கை என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு வாக்கியம் முழுதாக எழுத வரவில்லை. நான் எழுதினேன். "புலம்புவதால் பூங்கா பாதுகாப்பாகாது. படத்தை எல்லா வாயில்களிலும் ஒட்டுங்கள். காவலாளிக்குப் பார்த்துப் புரிகிற மாதிரி ஓர் அறிவிப்பு எழுதுங்கள்." குடியிருப்போர் சங்கச் செயலாளர் உடனே கூப்பிட்டார். முன்பு வங்கி மேலாளராக இருந்தவராம். "மேடம், இந்த மாதிரி ஒருத்தர்தான் எங்களுக்கு இல்லாம இருந்தாங்க. அறிவிப்பை நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றார்.

இப்படி ஒருவன் நடமாடுகிற இடத்தில் வாலுவை எப்படி விளையாட விடுவது? ஆனால் இப்படி விழிப்பாக இருக்கிற மனிதர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்? உங்கள் கருத்து என்ன?

டீச்சர்


ஜூன் 21

அன்புள்ள டீச்சர்,

படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. என்ன மாதிரி ஜென்மங்கள் உலகத்தில் இருக்கின்றன! சங்கிலி வேறு! ஆச்சரியம் என்னவென்றால், மூன்று மாலைகள் அந்தப் பூங்காவில் நின்றிருக்கிறேன், ஒரு மூலை விடாமல் பார்த்திருக்கிறேன், அப்படி ஒருவன் என் கண்ணில் படவே இல்லை. எவ்வளவு தந்திரமானவனாக இருக்க வேண்டும்.

அந்த இடத்தை விட்டுவிடாதே. ஒருவனுக்குப் பயந்து நல்ல பூங்காவை இழக்க முடியாது. அறிவிப்பை நீயே எழுது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள். எங்கள் தொழிலில் எல்லா மோசடியும் நுழைகிற ஓட்டை ஒன்றுதான். பிடிபட்டவனுக்கு ஒரு மாமாவோ மனைவியோ வந்து, "இவரு அப்படிப்பட்டவர் இல்லீங்க" என்று கண்ணைக் கசக்குவார்கள். உடனே கோப்பை மூடிவிடுவார்கள். அந்த ஓட்டையை அடைத்துவிடு. உறவினர் சொல்வதை ஏற்கக் கூடாது என்று தெளிவாக எழுது. படத்தை எடுக்க வேண்டுமானால் குழு முழுதும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று போடு.

நானும் சும்மா இருக்கப் போவதில்லை. சனிக்கிழமை மாலை போய் அவன் வருகிறானா என்று மறைவாக நின்று பார்க்கிறேன். பயப்படாதே. முகக்கவசமும் கோட்டும் இருப்பதால் என்னை அவனுக்கு அடையாளம் தெரியாது.

காவல் காப்பவன்


ஜூன் 25

அன்புள்ள உங்களுக்கு,

அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. உங்கள் யோசனையைக் கடைசிப் பத்தியாகச் சேர்த்தேன். செயலாளர் அதைக் குழுவில் வாசித்து ஒலிப்பதிவாகப் போட்டார். எண்பத்திரண்டு பேர் கை தட்டியிருக்கிறார்கள். நீங்களே படியுங்கள்:

'இப்படத்தில் காணப்படும் நபர் மனிதர் போலத் தோற்றமளித்தாலும் குழந்தைகளை நெருங்கத் தகுதியற்றவர். இவரிடம் பேச வேண்டாம். இவர் சொல்வதைக் கேட்க வேண்டாம். தாம் யார் என்று இவர் அளிக்கும் விளக்கம் எதுவாயினும், அதுவே இவருடைய தந்திரம் எனக் கொள்க. இவருக்காக உறவினர் எவரேனும் பரிந்து பேசினால், அவர்களையும் ஐயத்துடன் நோக்குக. குழு உறுப்பினர் அனைவரின் ஒப்புதலின்றி இப்படம் அகற்றப்பட மாட்டாது.'

மூன்றாம் மாடி வீட்டை நமக்கென்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பள்ளித் தலைமை ஆசிரியையும் அங்கேதான் குடியிருக்கிறாராம். "உங்களை மாதிரி அம்மா இருக்கிற பிள்ளைக்கு இடம் இல்லேன்னா வேற யாருக்கு?" என்றார். என்னைப் பாதுகாப்புக் குழுவில் சேர்க்கப் போகிறார்களாம். இன்னும் குடியே போகவில்லை!

சனிக்கிழமை போனீர்களா? அவன் வந்தானா?

டீச்சர்


ஜூன் 29

டீச்சர்,

வந்தான். பிடித்துவிட்டார்கள்.

மரத்தடியில் நின்று வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் தலையில் துணிக்கூடையைக் கவிழ்த்தார்கள். உள்ளே யாருடைய காலுறையோ ஒன்று இருந்தது, ஈரமாக, என் வாயை ஒட்டி. அதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுத முடியும்.

காவலாளி அறையில் உட்கார வைத்தார்கள். கூடையை எடுத்ததும் ஒரு பெண்மணி, "என்னது, குள்ளமா இருக்கான்?" என்றார். "குனிஞ்சு நிக்கிறான், நடிக்கிறான்" என்றார் இன்னொருவர். என் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மேசைமேல் வைத்து, "சங்கிலி" என்றார்கள். பிளாஸ்திரிப் பெட்டியை ஒரு குச்சியால் தள்ளினார்கள்.

"நான் காப்பீட்டு நிறுவனத்தில சேதம் மதிப்பிடுறவன். இங்க குடி வரப்போறேன். மூணாம் மாடி" என்றேன்.

செயலாளர் சுவரில் இருந்த காகிதத்தைக் காட்டினார். "நீ இதைத்தான் சொல்லுவேன்னு இதுலயே போட்டிருக்கு, பாரு."

பார்த்தேன். முதல் வரியிலேயே எழுதியவள் யார் என்று தெரிந்துவிட்டது. 'மனிதர் போலத் தோற்றமளித்தாலும்' என்று உலகத்தில் வேறு யார் எழுதுவார்கள்? எட்டாம் வகுப்பில் பீடி பிடித்த பையனின் அப்பாவுக்கு நீ எழுதிய கடிதத்திலும் இதே சொற்கள்தான் இருந்தன. நான்தான் அதைத் தபாலில் போட்டேன்.

"இதை எழுதினது என் வீட்டுக்காரி" என்றேன்.

அறை முழுவதும் சிரித்தது. ஒருவர் முகம் மட்டும் சுருங்கியது. "அந்த அம்மா பேரை உன் வாயால சொல்லாதே" என்றார். பிறகு அவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அலுவலக அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். மேலாளர் வந்து கையெழுத்துப் போட்டார். போகிற வழியில் அவர் காரின் பின்சீட்டில் பழைய செய்தித்தாள் விரித்து, அதில் என்னை உட்காரச் சொன்னார்.

நீ செயலாளருக்குப் போன் செய்து சொல். ஒரு வார்த்தை போதும்.

நான்


ஜூலை 4

உங்களுக்கு,

சொன்னேன். செயலாளரிடம் முழுதும் சொன்னேன். நாடா, பிளாஸ்திரி, கோட்டு, நான்தான் பூங்காவில் போய் நிற்கச் சொன்னேன் என்பது உட்பட. அவர் பொறுமையாகக் கேட்டார். "மேடம், உங்க நல்ல மனசு எங்களுக்குப் புரியுது. ஆனா உறவுக்காரங்க பேசினா கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? விதியை எழுதினவங்களே மீறினா மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். அது உங்கள் யோசனை என்று சொன்னேன். "பாத்தீங்களா, உள்ளயிருந்தே ஓட்டை எங்கன்னு தெரிஞ்சு வச்சிருக்கான்" என்றார்.

குழுவில் வாக்கெடுத்தார்கள். எண்பது பேர் படத்தை எடுக்கலாம் என்றார்கள். இரண்டு பேர் மாட்டோம் என்றார்கள். ஒருவர் பிளாஸ்திரிக் குழந்தையின் அம்மா. இன்னொருவர் யாரென்று காட்டவில்லை.

இதற்கு மேல் எழுதுவதை எழுதாமல் விட்டால் நான் டீச்சராக இருக்க லாயக்கில்லை. மூன்று வாரம் அந்தக் கறுப்பு உருவத்தை நான் வெறுத்தேன். சும்மா இல்லை, வயிற்றிலிருந்து வெறுத்தேன். குளிக்கும்போது நினைவு வந்தால் இன்னொருமுறை சோப்புப் போட்டேன். இப்போது அது நீங்கள் என்று தெரிந்துவிட்டது. அறிவுக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றுக்குச் சொல்லிப் பார்க்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறது. நேற்று நீங்கள் போனில் வாலுவிடம், "பல்லு ஆடுதா? வலிக்குதா? வலிச்சா யாருகிட்டச் சொல்லுவே?" என்று கேட்டீர்கள். பத்து வருஷமாக நீங்கள் பேசுகிற பேச்சுதான் அது. நான் போய் அவள் கையிலிருந்து போனை வாங்கிவிட்டேன்.

ஏன் அந்தக் குழந்தையின் காலைத் தொட்டீர்கள்? பிளாஸ்திரியை அவள் கையில் கொடுத்திருக்கலாமே.

டீச்சர்


ஜூலை 8

டீச்சர்,

ரத்தம் வந்தது, ஒட்டினேன்.

நீ போனை வாங்கியது எனக்குத் தெரிந்தது. வாலு பாதி வாக்கியத்தில் இருந்தாள். நீ ஏதோ வேலையாக இருக்கிறாய் என்று அரைமணி நேரம் காத்திருந்தேன்.

உன் அறிவிப்பை என்னால் மறக்க முடியவில்லை. நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் காரணம். மோசமாக எழுதியிருந்தால் சிரித்திருப்பேன். அந்த அறையில் அதைப் படித்தபோது ஒரு கணம் எனக்கே அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

நான்கு கோபுரத்தை விட்டுவிடுவோம். கால்வாய்க்கு அப்பால் ஒரு தெரு பார்த்திருக்கிறேன். பூங்கா இல்லை, குழு இல்லை, விளம்பரத்தில் குடும்பம் என்ற சொல்லே இல்லை. கீழ்வீட்டில் மெத்தை தைக்கிறவர்கள். சாக்கடை திறந்து கிடக்கிறது, நாற்றம் நேராக வருகிறது, மல்லிகை கலக்கவில்லை. வீட்டுக்காரரிடம் என் முகத்தைக் காட்டினேன். அவர் வாடகையை மட்டும் சொன்னார். பள்ளி கொஞ்சம் தூரம், சுமாரானதுதான். மூன்று பேரும் இருக்கலாம். முன்பணம் கொடுக்கட்டுமா? திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த இரண்டாவது ஆள் யார்?

நான்


ஜூலை 17

உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது திங்கட்கிழமை தாண்டிவிட்டது. தாண்டாமல் வந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. திறந்த சாக்கடைத் தெருவில் வாலுவை வைக்க முடியாது. பள்ளியில் இடம் உறுதி செய்யக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. மேல்வீட்டு மாமனாரின் நகங்களை இன்னொரு வருஷம் பொறுக்க என்னால் முடியாது.

கேட்டதற்குப் பதில்: குழுவில் எனக்கும் ஒரு வாக்கு உண்டு. குடிவர விரும்புகிறவர்களுக்கும் உண்டு என்று வாக்கெடுப்புக்கு முந்தின நாள்தான் விதியை மாற்றினார்கள். நான் எதையும் அழுத்தவில்லை. அழுத்தாதவர்களை மறுப்பாகக் கணக்கிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த விதியை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது நான்.

படத்தைப் பற்றி அடுத்த வாக்கெடுப்பு வருஷக் கூட்டத்தில் வைப்பார்களாம். வாலு உங்களைப் பார்க்க ஆசைப்பட்டால் சனிக்கிழமைகளில் பின்வாயிலுக்கு வெளியே உள்ள பேருந்து நிறுத்தத்தில் கொண்டுவந்து விடுகிறேன். கோட்டு வேண்டாம். முகத்தை மூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு கோபுரத்தில் குடிவந்தோம். நுழைவு அட்டை இரண்டு கொடுத்தார்கள், எனக்கொன்று, வாலுவுக்கொன்று.